முன்னுக்கு ஆர் ஓடுறது

மலை ஏறுகிற சைக்கிள் என்று சொல்லித்தான் கடைக்காரன் அதைத் தந்தான். கிளிநொச்சியில், கப்பலில் வந்த பழைய சைக்கிள்களை வாசல்வரை அடுக்கி வைத்து விற்கிற கடை அது. தடித்த ரயர், பின் சில்லில் பல்லுப் பல்லாகக் கியர், முன்னுக்கு ஸ்பிரிங்.

"அக்கா, இது எந்த மலையிலயும் ஏறும்."

"தம்பி, எங்கட பக்கம் மலை எண்டால் குளக்கட்டு மட்டும்தான்."

"அப்ப இன்னும் சுகமா ஏறும்," என்றான்.

இவர், என் மனுசன், விழுந்து விழுந்து சிரித்தார். மூத்தவள் அதற்குள் ஒன்றில் ஏறி, றோட்டில் ஒரு வட்டமடித்து, வந்துகொண்டிருந்த லொறியின் மூக்குக்கு முன்னால் திரும்பி வந்து நின்றாள். லொறிக்காரன் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு போனான். அந்த இடத்திலேயே நான் சைக்கிளே வேண்டாம் என்றேன். ஆனாலும் இரண்டு சைக்கிள் வாங்கித்தான் வந்தோம்.

மூத்தவள் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். கூடப் படித்தவர்கள் வான் பிடித்து நுவரெலியா போய் வந்து, பனியில் நின்று எடுத்த படங்களை எல்லாம் போனில் போட்டிருந்தார்கள். இவளுக்கும் போக ஆசை. எங்களால் முடியாது என்று அவளுக்கே தெரியும். அதனால் அவளே ஒரு யோசனை கொண்டு வந்தாள். சைக்கிளில் நாங்கள் நாலு பேரும் போவது. வாய்க்கால் ஓரமாகப் போய், வயல்களைக் கடந்து, காட்டோரத்தில் இருக்கிற பழைய குளத்தடியில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கி, மற்ற நாள் திரும்புவது. சின்னவள் தகப்பனின் பின்னால், நான் என் பழைய லேடீஸ் சைக்கிளில்.

"மலைக்குப் போகேலாட்டி மலைச் சைக்கிளில எண்டாலும் போவம் அம்மா," என்றாள்.

மலை என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் பெரிய ஆசை இருந்ததில்லை. என் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் இருந்து அடிபட்டு ஓடி வந்தவர்கள். இருந்த லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்களாம். அப்பாவின் வலது காதில் பாதி இல்லை, அதை வெட்டியவன் கூடவே தேயிலைக் கொழுந்து நிறுத்தவன் என்று சொல்லுவார். உயரமான இடமே வேண்டாம் என்று கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாக இருந்த இந்த மண்ணுக்கு வந்து காடு வெட்டினார்கள். தட்டை நிலத்திலும் அடி வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் இங்கேதான் பிறந்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கிறபோது பள்ளிக்கூடத்துக் கூரையில் செல் விழுந்து வெடித்தது. அதோடு என் படிப்பு நின்றது. பிறகு ஓடுகிறதுதான் வேலையாக இருந்தது.

எனக்கு யோசினை கூட. இது எனக்கே தெரிந்த விசயம். "உன்ர அம்மா யோசிக்கத் தொடங்கினால், ஆள் செத்து எட்டுச்செலவும் முடிஞ்சிடும்," என்று இவர் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். குளத்தடி என்று மூத்தவள் சொன்ன உடனேயே நான் யானையைப் பார்த்துவிட்டேன். போன வருசம் விறகுக்குப் போன ஒரு மனுசனை அது காலால் உருட்டி உருட்டி, கடைசியில் சாரத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்கள். யானைக்குப் பிறகு புடையன் பாம்பு, குளத்தடியில் குடித்துவிட்டுப் போத்தல் உடைக்கிறவர்கள், பன்றிக்கு வயலைச் சுற்றிக் கள்ளமாக இழுக்கிற கரண்ட் கம்பி. என் யோசினைக்குள் நாலு பேரும் படுத்திருக்க, இதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கூடாரத்துக்குள் நுழைந்தது.

கூடாரத்துக்கே முதலில் சண்டை. மூத்தவள் போனில் காட்டினது மஞ்சள் நிறத்தில் குடை மாதிரி விரிகிற சாமான். இவர் சொன்னார், "தறப்பாள் கிடக்குத்தானே, அதை இழுத்துக் கட்டினால் சரி."

"அந்த நீலத் தறப்பாளுக்குள்ள நான் இன்னொருக்காப் படுக்க மாட்டன்," என்றேன். "ஓடேக்க படுத்தது காணும். முகாமில படுத்தது காணும். சுவர் வைச்ச வீட்டை விட்டிட்டு, காசு குடுத்துச் சைக்கிள் வாங்கி, அதுக்குள்ள போய்ப் படுக்க எனக்கென்ன விசரோ?"

கையில் இருந்த அகப்பை குசினிச் சுவரில் பட்டு இரண்டாகப் போனது. எறிந்தது நான்தான். சின்னவள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, "அப்ப என்னத்துக்குள்ள படுக்கிறது?" என்று கேட்டாள். அவளுக்கு எப்போதும் அடுத்த வேலைதான் முக்கியம். கடைசியில் வெள்ளை உரப்பைகளைக் கழுவிக் காயவைத்து, நானே மெசினில் பொருத்தித் தைத்தேன். உள்ளுக்கு நுளம்பு வலை. முன்பக்கம் யூரியா என்று பெரிய எழுத்து. மூத்தவள் பார்த்துவிட்டு, "நாங்கள் ஆக்கள் இல்லை அம்மா, பசளை," என்றாள்.

கூடாரம் சரி. பாதைதான் பிரச்சினை. நான் பிரதான றோட்டால் போவோம் என்றேன். டிப்பர் அடித்தாலும் அங்கே நாலு பேர் பார்ப்பார்கள். மூத்தவள் வாய்க்கால் பாதையால்தான் என்று பிடிவாதமாக நின்றாள். "உயர்தர ரியூசனுக்கு நான் அந்தப் பாதையால குறுக்கால போறனான்தானே. அம்மாவுக்கு இப்பத்தான் கண் தெரிஞ்சதோ?" என்று கேட்டாள். அவள் ரியூசனுக்குப் போவது வாய்க்காலின் முன்பாதி, திருப்பத்தில் இருக்கிற மூலைக்காணி வயல் முடியும் மட்டும். பின்பாதி, மூலைக்காணியைத் தாண்டினால், ஆள் நடமாட்டம் குறைவு. பின்பாதியில்தான் என் பயம் முழுக்க.

அது நெற்கதிர் முற்றுகிற காலம். இந்தக் காலத்தில் பன்றி வயலுக்குள் இறங்கினால், காலையில் பார்க்கிறபோது யாரோ பாயில் புரண்டு படுத்த மாதிரி நெல் கிடக்கும். நாங்களும் வயல் செய்கிறவர்கள்தான். இவர் இரவெல்லாம் வெடி கொளுத்திப்போட்டு, தகரத்தில் அடித்துக் காவல் இருக்கிறவர். காவல் இருக்க ஏலாதவர்கள் கட்டுத்துவக்கு வைப்பார்கள். ஓர் இரும்புக் குழாய், அதற்குள் வெடிமருந்தும் உடைந்த இரும்புத் துண்டுகளும். அதைப் பற்றைக்குள் ஒரு தடியில் கட்டி, பாதைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் மீன்பிடிக்கிற தங்கூசி நூலை இழுத்து விடுவார்கள். பன்றி வந்து நூலில் முட்டினால் அது தன் வெடியைத் தானே வைத்துக்கொள்ளும். சட்டத்துக்குப் பிழை. அதனால் யாரிடமும் துவக்கு இல்லை. ஆனால் இரவில் வெடிச் சத்தம் கேட்கும், மற்ற நாள் மத்தியானம் ஊர் முழுக்கப் பன்றிக் கறி மணக்கும். எங்கள் வீட்டுக்கும் பங்கு வரும். வாழையிலையில் சுற்றி வரும். எங்கே செத்தது என்று நாங்களும் கேட்க மாட்டோம்.

ஆட்களுக்கு என்று ஒரு ஏற்பாடு உண்டு. பொழுதுபடத் துவக்கைக் கட்டுகிறவர் அந்தப் பாதையின் இரண்டு தொங்கலிலும், இரண்டு முனையிலும், இலையோடு ஒடித்த ஒரு பிடி பச்சைக் குழையைக் கயிற்றில் கட்டித் தொங்க விடவேண்டும். குழையைக் கண்டால் உள்ளே போகக் கூடாது. விடிய வந்து மருந்தை எடுத்துவிட்டுத்தான் குழையை அவிழ்ப்பார். எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் பிசகுவது இல்லை.

நான் பிசகும் என்று யோசித்தேன். அதனால் வாய்க்கால் நீளத்துக்கும் காணி உள்ள வீடு ஒவ்வொன்றாகப் போய்ச் சொன்னேன். வாற சனிக்கிழமை நாங்கள் குடும்பமாகச் சைக்கிளில் போகிறோம், ஏதும் வைத்திருந்தால் அன்றைக்கு எடுத்து விடுங்கோ. ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி தந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சிரித்தார்கள்.

"என்ன தங்கச்சி, இமயமலைக்கோ?"

"குடிசையில படுக்கவெண்டே குளத்தடிக்குப் போறியளோ? அரசாங்கம் தந்த வீடு ஒழுகுதோ?"

கடைசி வீடு மூலைக்காணிக்காரருடையது. யாழ்ப்பாணத்தில் இருந்து அவருடைய தகப்பன் வந்து, குடியேற்றத் திட்டத்தில் எடுத்த காணி. மூலைக்காணிக்காரருக்கு வயது ஐம்பதுக்கு மேல். அவருடைய மகள் என் மூத்தவளோடு ஒரே வகுப்பு. அவர் கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"என்னட்டத் துவக்கே இல்லைத் தங்கச்சி. தவளைக்குக்கூட நான் கல்லெறிய மாட்டன்."

அவர் வீட்டுப் பன்றிக் கறியைத்தான் போன கிழமை நாங்கள் தின்றோம். என்றாலும், "ஓம் அண்ணை, தெரியும்," என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது.

பயணத்துக்கு முதல் ஒருக்கால் ஓடிப் பார்ப்போம் என்று புதன்கிழமை காலை புறப்பட்டதும் என் யோசினைதான். சின்னவளைப் பக்கத்து வீட்டில் விட்டோம். வெயில் நன்றாக ஏறிவிட்டது, துவக்கு வைத்தவர்கள் எடுத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் போனோம். மூலைக்காணி முகப்பில் நான் இறங்கி நின்று பார்த்தேன். குழை இல்லை. முகப்பின் மற்றப் பக்கத்து வேலியையும் பார்த்தேன். இல்லை. "போங்கோ," என்று கையைக் காட்டினேன்.

மூத்தவள் கியரை மாற்றிக்கொண்டு பறந்தாள். இவர், "மெல்ல ஓடு பிள்ளை," என்று கத்தினார். நான் கத்தியதும் அதுவே. அவள் காது கேளாத மாதிரி எழும்பி நின்று மிதித்தாள்.

வெடி கேட்டது. கேட்டது என்று சொல்ல ஏலாது, நெஞ்சில் யாரோ உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. எத்தனையோ வருசத்துக்குப் பிறகும் என் உடம்பு தானாகவே நிலத்தில் குப்புற விழுந்து கிடந்தது. தலையைத் தூக்கினால் பாதையில் புகை. புகைக்குள் சைக்கிள் மட்டும் தலைகீழாகக் கிடந்தது. பிள்ளையைக் காணவில்லை.

அவள் வாய்க்காலுக்குள் கிடந்தாள். இவர் குதித்து அவளைத் தூக்கினார். கால் இரண்டும் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டும் இருந்தது. முழங்கால் இரண்டும் தோல் உரிந்து, குதிக்காலில் ஒரு இரும்புத் துண்டு உரசிப்போய், சதை வாய் திறந்து ரத்தம் கொட்டியது. செருப்பின் பின்பக்கம் இல்லை. சைக்கிளின் பின் சில்லு சில்லாகவே இல்லை, கம்பிகள் எல்லாம் பறந்து, ரயர் நார் நாராகக் கிழிந்து தொங்கியது. முன் சில்லு நூலில் முட்டி, வெடி வருவதற்குள் அவளுடைய கால் தாண்டிவிட்டது. அவ்வளவுதான். அவள் வேகமாக ஓடினபடியால் சில்லு போனது. என் சொல்லைக் கேட்டு மெல்ல ஓடியிருந்தால் கால் போயிருக்கும். அந்த எண்ணம் வந்த உடனே எனக்குச் சத்தி வந்தது. வயல் வரம்பில் இருந்து வாந்தி எடுத்தேன்.

காயத்தை என் சோட்டித் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு இருக்கும்போதுதான் இவரைக் காணவில்லை என்று தெரிந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பை எடுத்துக்கொண்டு மூலைக்காணிக்காரர் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். ஓடவில்லை. அவர் ஓடியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மூத்தவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் ஏற்கெனவே ரத்தம். மூலைக்காணிக்காரர் வெடிச் சத்தம் கேட்டு நித்திரையால் எழும்பி வந்திருக்கிறார். அவிழ்கிற சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அடியைத் தடுத்துக்கொண்டிருந்தார்.  இவர் பம்பால் முகத்திலும் தோளிலும் மாறி மாறிப் போட்டார். மூக்கு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த சுள்ளியை மிதித்த மாதிரி.

"நீ சனிக்கிழமை எண்டுதானே சொன்னனீ!" என்று அவர் என்னைப் பார்த்துக் கத்தினார். "இண்டைக்கு ஏன் வந்தனீ?"

"துவக்கே இல்லை எண்டு சொன்னனீங்களே அண்ணை?" என்றேன்.

 பிடிபட்டவன் வாயில் வருகிறதுதான் அவர் வாயிலும் வந்தது. "தோட்டக்காட்டுக் கூட்டம்! மலையில இருந்து அடிச்சுக் கலைச்ச உங்களுக்கு இஞ்ச வந்து மலைச் சைக்கிள் கேக்குதோ? உல்லாசம் கேக்குதோ?"

இவர் பம்பைக் கீழே போட்டார். போட்டுவிட்டு அவருடைய கழுத்தைப் பிடித்தார். அவர் சாரத்தை விட்டுவிட்டு, வேலியில் செருகியிருந்த கத்தியை எட்டி எடுத்தார். கத்தி இவருடைய முழங்கைக்குக் கீழே இழுத்தது. நான் மூத்தவளை விட்டுவிட்டு ஓடிப்போய் அந்தக் கத்திக் கையைக் கடித்தேன். உப்பும் இரும்பும் கலந்த ஒரு ருசி. அவருடைய பெண்சாதி வந்து என் தலைமயிரைப் பிடித்து இழுத்தா. நான் விடவில்லை. அவருடைய மகள், "அப்பா விடுங்கோ, அப்பா விடுங்கோ," என்று நடுவில் நின்று கத்தினாள். கடைசியில் அயல் ஆட்கள் வந்து தடியைக் கொடுத்து மாட்டைப் பிரிக்கிற மாதிரிப் பிரித்தார்கள்.

"நான் குழை கட்டினனான்!" அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதார். "யானை இறங்கினது, ராவெல்லாம் அதைத் திரத்தினனான். விடியக் கொஞ்சம் கண்ணயர்ந்திட்டன். ஆனால் குழை கட்டினனான். என்ர பிள்ளையாணை கட்டினனான்."

"கட்டினால் எங்க அது?" என்றேன்.

போய்ப் பார்த்தார்கள். நானும் போனேன், இந்த ஆள் பொய்தான் சொல்லுகிறார் என்று எனக்குக் கண்ணால் காணவேண்டி இருந்தது. பாதை முகப்பில் கயிறு இருந்தது. கயிற்றில் நாலு காம்பு. காம்புகள் ஈரமாக, சப்பின அடையாளத்தோடு. கீழே புதுச் சாணகம். ஏதோ ஒரு கட்டாக்காலி மாடு வந்து, அந்த எச்சரிக்கையை ஒரு வாயில் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. மற்றத் தொங்கலிலும் அப்படித்தான். இலை இல்லாத கயிறு வேலியோடு வேலியாகத் தெரிந்திருக்கிறது. நான் நின்று பார்த்த இடத்தில் அது என் முகத்துக்கு நேரே தொங்கியிருக்கிறது.

ஒருவர் சிரித்தார். அவரை இவர் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

பொலிசுக்குப் போவோம் என்றேன். அதுவரை எங்களுக்காகச் சத்தம் போட்டவர்கள் எல்லாரும் ஓர் அடி பின்னுக்குப் போனார்கள். "பிள்ளைக்குப் பெரிசா ஒண்டும் நடக்கேல்லைத்தானே தங்கச்சி," என்றார் ஒருவர். "பொலிஸ் வந்தால் மூலைக்காணியோட நிண்டிடுமோ? ஒவ்வொரு வயலா இறங்கும்," என்றார் இன்னொருவர். தேத்தண்ணி தந்து, துவக்கே இல்லை என்று சொன்ன முகங்கள்தான் எல்லாம்.

ஆஸ்பத்திரியில் மூத்தவளின் குதிக்காலுக்கும் இவருடைய கைக்கும் தையல் போட்டார்கள். சைக்கிளால் விழுந்தது, தகரம் வெட்டினது என்று சொன்னோம். வீட்டுக்கு வந்ததும் இவர் உரப்பைக் கூடாரத்தைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே எறிந்தார்.

"ஒரு பயணமும் இல்லை. முடிஞ்சுது கதை."

நான்தான் ஓம் என்று சொல்லவேண்டிய ஆள். இந்தப் பயணத்தை நிற்பாட்ட முதல் நாள் தொடக்கம் அடிபட்டவள். ஆனால் அன்றைக்கு எனக்கு யோசினை வேறு பக்கமாகப் போனது. பயணத்தை நிற்பாட்டலாம். கால் ஆறினதும் இவள் ரியூசனுக்குப் போகிறதை எப்படி நிற்பாட்டுவது? மாடு நாளைக்கும் குழை தின்னும். பயணம் நின்றால் ஊரில் எல்லாரும் அந்தப் பாடு முடிந்தது என்று நினைத்துப் பழையபடி நூலை இழுத்துக் கட்டுவார்கள். சனிக்கிழமைக்காக என்றாலும் பாதையைச் சுத்தமாக்கச் சொல்லி அவர்களிடம் கேட்க எங்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

மற்ற நாள் பத்து மணிபோல நான் தனிய மூலைக்காணிக்குப் போனேன். அவர் மூக்கில் பஞ்சோடு கதிரையில் இருந்தார். முகம் பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. நான் கடித்த கையில் பல்லு வரிசை அப்படியே கறுத்துப்போய்க் கிடந்தது. என்னைக் கண்டதும் பெண்சாதி விளக்குமாற்றோடு எழும்பினா.

"அண்ணை, எத்தினை கட்டினனீங்கள்?"

"ஒண்டுதான். அதுவும் வெடிச்சுப் போச்சு."

"பிறகு பாதை சுத்தமோ?"

"சுத்தம். வேணுமெண்டால் பிள்ளையாரடியில கற்பூரம் கொளுத்தி, அணைச்சுச் சத்தியம் பண்ணுறன்."

கற்பூரச் சத்தியம் என்றால் எங்கள் பக்கம் அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் துவக்கே இல்லை என்று கையை விரித்துக் காட்டினவரும் இந்த ஆள்தான்.

"கற்பூரம் வேண்டாம் அண்ணை," என்றேன். "சனிக்கிழமை நாங்கள் போறம். எங்கட மூத்தவளுக்குக் கால் ஏலாது, அவள் தகப்பனுக்குப் பின்னால இருப்பாள். அவளின்ர சைக்கிளுக்குப் புதுச் சில்லுப் போட்டு உங்கட பிள்ளைக்குத் தாறன். அவள் முன்னுக்கு ஓடட்டும். நாங்கள் பின்னால வாறம்."

மகள் உள்ளே இருந்து ஓடி வந்தாள். "அந்தக் கியர் சைக்கிளோ மாமி? உண்மையாவோ? அப்பா, நான் போறன்!"

அவர் மூக்குப் பஞ்சைச் சரிசெய்யத் தொடங்கினார்.  பெண்சாதி அவரைப் பார்த்தா. 

"சொல்லுங்கோவன் ஓம் எண்டு," என்றா. "சுத்தம் எண்டனீங்கள்தானே? பிள்ளையை விடுவம் எண்டு சொல்லுங்கோ."

அவர் நிலத்தைப் பார்த்தார்.

எனக்கென்று எடுத்த விளக்குமாறு அவர் தலையில் இறங்கியது. உடைந்த மூக்கு என்றும் பார்க்கவில்லை. "இவள் அந்தப் பாதையாலதானே கோயிலுக்குப் போறவள்! இவள் அதாலதானே போறவள்!" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒருக்கால் சொன்னா. ஈர்க்குகள் முறிந்து முற்றம் முழுக்கப் பறந்தது. நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு மனமும் வரவில்லை. அவர் அடியோடு அடியாக எழும்பி, கத்தியை எடுத்துக்கொண்டு காணிக்குள் இறங்கினார். திரும்பி வருகிறபோது தோளில் ஒரு சாக்கு, அதன் வாயால் இரும்புக் குழாய் எட்டிப் பார்த்தது. அதை வைத்துவிட்டு மறுபடி போய், இன்னொன்றைக் கொண்டுவந்தார்.

"இப்ப சுத்தம்," என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். "என்ர பிள்ளை முன்னுக்கு ஓடலாம். ஆனால் அவளுக்கு முன்னால நான் போவன்."

இவர் முதலில் சம்மதிக்கவில்லை. அந்த ஆளின் முகத்தைப் பார்த்தால் மிச்ச மூக்கையும் உடைப்பேன் என்றார். மூத்தவள்தான், "அப்பா, நீங்கள் அவரைப் பின்னால இருந்துதானே பாக்கப்போறியள், முகம் தெரியாது," என்றாள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு அலுமாரிக்கு மேலே இருந்து கூடாரத்தை இறக்கினார்.

சனிக்கிழமை காலை, வெயில் ஏறிய பிறகு வெளிக்கிட்டோம். முதலில் மூலைக்காணிக்காரர், கால்நடையாக. கையில் நீள மூங்கில் தடி, அதை முழங்கால் உயரத்தில் பாதைக்குக் குறுக்கே வீசி வீசி நடந்தார். அவருக்குப் பின்னால் தூரம் விட்டு அவருடைய மகள் கியர் சைக்கிளில், அந்த வேகத்துக்கு ஓட ஏலாமல் தள்ளாடிக்கொண்டு. பிறகு இவர், முன்னுக்குச் சின்னவள், பின்னுக்குக் கட்டுப் போட்ட காலோடு மூத்தவள். கடைசியில் நான், கூடாரத்தோடும் சோற்றுப் பானையோடும்.

"மாமா, கெதியா நடவுங்கோ! நாங்கள் மலை ஏறவெல்லோ வேணும்," என்று சின்னவள் மணியடித்தாள்.

"பொறு பிள்ளை, மலை எங்கயும் ஓடாது," என்றார் அவர், திரும்பாமல்.

அவருடைய காணி முடிந்தது. நான் அப்போதுதான் மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடியவில்லை, அவர் கையைத் தூக்கினார். எல்லாரும் பிரேக்கை இறுக்கினோம். தடியின் நுனிக்கு ஒரு சாண் முன்னால், வெயிலில் ஒரு தங்கூசி மினுங்கியது. அங்கேயும் குழை இல்லை. அங்கே காம்புகூட இல்லை, கயிறே இல்லை.

"இது என்ர இல்லை," என்றார்.  "சத்தியமா இது என்ர இல்லை."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவளுடைய முன் சில்லையும், சில்லுக்குப் பின்னால் இருந்த காலையும் பார்த்தார். பிறகு எங்கள் எல்லாரையும் நிலத்தில் படுக்கச் சொல்லிவிட்டு, தானும் படுத்துக்கொண்டு தடியால் நூலை இழுத்தார். வெடி பாதைக்குக் குறுக்கே போய் எதிர்ப் பற்றையைப் பிய்த்து எறிந்தது. புகை அடங்கும் முன்னமே அவர் எழும்பி, பற்றைக்குள் பாய்ந்து, குழாயைத் தடியோடு பிடுங்கி எடுத்து, பக்கத்தில் நின்ற பாலை மரத்தில் அடிக்கத் தொடங்கினார். அடித்தார், அடித்தார், தடி சிதறி, குழாய் வளைந்து, அவருடைய உள்ளங்கை கிழிந்து ரத்தம் வடிந்தும் அடித்தார். "ஆரடா கட்டினது! வெளிய வாடா! என்ர பிள்ளையடா வாறது!" வயல்வெளி முழுக்க அந்தச் சத்தம் போனது. தட்டையான நிலம், சத்தத்தை மறிக்க ஒன்றும் இல்லை. இவரும் இறங்கிப் போய், நல்ல கையால் ஒரு கல்லைத் தூக்கி, நிலத்தில் கிடந்த அந்தக் குழாயில் போட்டார். இரண்டு பேரும் மாறி மாறிப் போட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

நான் நிமிர்ந்து பார்த்தபோது, தூரத்தில் வரம்பில் ஒரு மனுசி சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினா. இன்னொரு பக்கம் ஒருவர் பற்றைக்குள் குனிந்து, எதையோ அவதிப்பட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி தந்த வீட்டுக்காரர்.

"அம்மா, போகலாமோ?" என்றாள் சின்னவள்.

"பொறு," என்றேன். "அந்த ஆள் அவிழ்த்து முடிக்கட்டும்."